மூத்தாள் துணி சுற்றிவைத்த வீடு

இரண்டாம் தாரமாகக் கப்பலேறிச் சிங்கப்பூருக்கு நான் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. நாகப்பட்டினத்தில் எனக்குச் சொல்லப்பட்டது கொஞ்சம்தான். மாப்பிள்ளை மாட்டுவண்டி ஓட்டுகிறார், துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றுகிறார். மூத்தாள் இறந்துவிட்டாள். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. குழந்தைக்கு என்ன என்று யாரும் சொல்லவில்லை.

வீடு சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எருமைக் கொட்டில்களுக்குப் பின்னால் இருந்தது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. வெளியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீடுகளைப் போலத்தான். உள்ளே காலை வைத்த பிறகுதான் எனக்கு என்னவோ செய்தது.

மரப்பெட்டியின் முனைகளில் எல்லாம் பழந்துணி சுற்றிக் கயிற்றால் இறுக்கியிருந்தது. அம்மிமேல் சாக்கு போர்த்தியிருந்தது. கதவு நிலையின் கீழ்ப்பாதிக்குப் பஞ்சு வைத்துத் தைத்த உறை. கட்டிலின் கால்களை அறுத்துத் தரையோடு தரையாக ஆக்கியிருந்தார்கள். அடுப்பைச் சுற்றி இடுப்புயரப் பலகைத் தடுப்பு. கிணற்றுக்கு மூடி, மூடியின்மேல் கருங்கல். குளிக்கும் மறைப்புக்குக் கதவு இருந்தது, ஆனால் உள்தாழ்ப்பாளைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். ஆணித்துளைகள் மட்டும் கண் மாதிரி பார்த்தன. செத்தவர்களின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டுவார்களே, எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. வீட்டையே யாரோ அப்படிக் கட்டிவைத்திருந்தார்கள்.

நடுக்கூடத்துச் சுவரில், உட்கார்ந்தால் தலை சாயும் உயரத்தில், எண்ணெய்க் கறை ஒன்று கறுத்துப் போயிருந்தது.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"அவ செஞ்சது. அப்படியே இருக்கட்டும்" என்றார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

புதுப்பெண்ணைப் பார்க்கச் சந்துப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தியும் படியேறவில்லை. வாசலில் நின்றபடி என் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். ஊர் எப்படி, கப்பல் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. "தூங்கினியாம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். மறுநாள் இன்னொருத்தி அதையே கேட்டாள். அந்த வாரம் முழுவதும் அந்த ஒரே கேள்விதான்.

குழந்தை அதிகம் பேசமாட்டாள். காலில் சலங்கைக் கொலுசு. வீட்டுக்குள் அவள் எங்கே நடந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். என்னைச் சின்னம்மா என்று கூப்பிட அவளுக்கு நாலைந்து நாள் ஆனது.

ஒரு மத்தியானம். ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வெயிலில் சந்தே வெறிச்சென்று கிடந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கினாள். காலை ஆட்டிக்கொண்டே இருந்ததால் கொலுசு சிணுங்கியபடி இருந்தது. திடீரென்று அது நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னாலிருந்த மூலையைப் பார்த்துச் சிரித்தாள்.

"கற்பூர வாசம் வருது சின்னம்மா."

வீட்டில் அன்று யாரும் கற்பூரம் ஏற்றவில்லை.

"அம்மா வந்துட்டாங்க" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். மூலையில் சுருட்டிய பாய் மட்டும் சாய்ந்திருந்தது. மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அவள் தொண்டையிலிருந்து ஓர் அலறல் கிளம்பியது. அது குழந்தையின் குரலே இல்லை. உடம்பு கட்டையாக விறைத்துப் பக்கவாட்டில் சரிந்தது. தலை பெட்டியின் முனையில் மோதியது. துணி சுற்றிய முனையில். பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. கொலுசு மட்டும் வெறிபிடித்தது போல ஒலித்தது.

அடங்கிய பிறகு அவள் என் மடியில் தூங்கிப்போனாள். தலையைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அந்த வீட்டில் எது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாலையில் வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். "வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு நான் காதாலேயே வாழ்ந்தேன். கொலுசு கேட்டால் மூச்சு வரும், நின்றால் நெஞ்சு நிற்கும். சமைக்கும்போதும் ஒரு கண் அவள்மேல். கதவைத் திறந்துவைத்துக் குளித்தேன். சந்தையை நான் பார்த்ததே இல்லை. தூக்கம் என்பது கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பது என்று ஆகிவிட்டது. இழுப்பு வரும்போது சந்தில் யாரும் உதவிக்கு வரமாட்டார்கள். நுரை பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். ஒவ்வொரு தடவையும் முதலில் கற்பூரம் வந்தது, பிறகு மூலையில் அவள் அம்மா வந்தாள், அதன் பிறகுதான் இழுப்பு.

போகப் போக எனக்கும் கற்பூரம் மணக்கத் தொடங்கியது. அடுப்படியில் நிற்கும்போது யாரோ பின்னால் நின்று மூச்சு விடுவது போலிருக்கும். ஒருநாள் அவர் மண்ணெண்ணெய் டின்கள் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை, பழந்துணியைக் கிழித்து அதன் முனைகளுக்குச் சுற்றிக்கொண்டிருந்தேன். கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து முடிந்தேன்.

குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மாவும் இப்படித்தான் பல்லால இழுப்பாங்க" என்றாள்.

பழைய முடிச்சுகளைப் போய்ப் பார்த்தேன். என்னுடையதற்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த முடிச்சை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். அசதி தாங்காமல் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். தலையைச் சாய்த்த பிறகுதான் எங்கே சாய்த்திருக்கிறேன் என்று உறைத்தது. அந்த எண்ணெய்க் கறை என் தலைக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியிருந்தது. எழுந்திருக்க நினைத்தேன், முடியவில்லை. கண் திறந்திருந்தது. எல்லாம் தெரிந்தது. கொலுசு கேட்டது, பிறகு நின்றது. "அம்மா வந்துட்டாங்க" என்று குழந்தை சொன்னாள். இந்தத் தடவை அவள் மூலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அவள் விழுந்த சத்தம் கேட்டது. என் விரல்கூட அசையவில்லை.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் நாகூர்க்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். இடியாப்பம் அவித்து விற்பவர். எல்லாரும் அவரை லாத்தா என்போம், அவர்கள் வழக்கில் அக்கா என்று பொருள். சத்தம் கேட்டு அவர் ஓடிவந்தார். படியேறி உள்ளே வந்த முதல் ஆள் அவர்தான். குழந்தையைப் பிடித்து ஒருக்களித்துப் படுக்கவைத்தார், தன் முந்தானையாலேயே நுரையைத் துடைத்தார். பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்து என் கன்னத்தில் தட்டினார்.

"புள்ள, என்னைப் பாரு. என்னைப் பாரு புள்ள!"

எனக்கு அழுகை வந்த பிறகுதான் உடம்பு என் வசம் வந்தது.

"மூத்தவளும் இதே எடத்துலதான் சாஞ்சா" என்றார் லாத்தா. "எந்திரிக்கல. காய்ச்சல்னு சொன்னாங்க. காய்ச்சல் எங்க வந்துச்சு? வருசக்கணக்கா அவ தூங்கல. புள்ளையப் பார்க்க அவ இருந்தா. அவளப் பார்க்கத்தான் யாரும் இல்லாமப் போச்சு."

"இப்ப நான் என்ன செய்ய லாத்தா?"

"எங்க வூட்ல போயிப் படு. புள்ளைய நான் பார்த்துக்கறேன்."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. நீ போ."

போனேன். அரிசி மாவு வாசம் அடித்த அந்தப் பாயில் விழுந்தது மட்டும் தெரியும். எழுந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டில் கொலுசு கேட்டது.

என் வீட்டுக்காரரிடம் நான் முதல்முறையாகக் குரலை உயர்த்தியது அன்றுதான். "அவளுக்கு இழுப்பு வந்தப்ப நீங்க ஒருநாளாவது பக்கத்துல இருந்திருக்கீங்களா?"

"எந்த மாடு மிரண்டாலும் பிடிச்சு நிறுத்திடுவேன். அதைப் பார்க்க என்னால முடியல" என்றார்.

"என்னாலயும் முடியலங்க. வாரத்துல ஒரு மத்தியானம் நீங்க இருங்க. நான் லாத்தா வீட்டுல தூங்கணும்."

செவ்வாய்க்கிழமை வண்டி பூட்டாமல் இருந்தார். நான் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம், லாத்தா வீட்டில் படுத்திருந்தேன், தூக்கம் பிடிக்கவில்லை. கொலுசு நின்றது. எழுந்தேன். லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, அம்மா வந்துட்டாங்க" என்ற குழந்தையின் குரல் பலகை வழியாக வந்தது.

அவர் ஓடிப்போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை. யாரோ எதிரே நிற்பது போல அவர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "வந்துட்டியா? நீ போயி ஒக்காரு. நான் பிடிச்சுக்கறேன்."

அலறல், கொலுசுச் சத்தம், பிறகு அமைதி. மாலையில் போய்ப் பார்த்தபோது குழந்தை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் சட்டை முழுக்க நுரையும் கண்ணீரும். மூலைக்கு நேராக ஒரு மணை போட்டிருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பிறகு லாத்தாவே எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். உப்புக் கரிக்கும் ஒரு மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அதைக் குடித்தால் குழந்தை மந்தமாகிவிடுவாள், முகமெல்லாம் பரு வரும். ஆனால் இழுப்பு வருவது வெகுவாகக் குறைந்தது. கற்பூரமும் மூலையும் அவள் பேச்சிலிருந்து மெல்ல மறைந்தன.

அவள் வளர்ந்து பெரியவளான பிறகு ஒருமுறை கேட்டேன். "அப்பல்லாம் மூலையில ஒங்கம்மாவப் பார்ப்பியே, எப்படி இருப்பாங்க?"

கொஞ்சம் யோசித்தாள். "மொகம் தெரியாது சின்னம்மா. மொதல்ல ஒரு நீலச்சேலை கட்டிக்கிட்டு வரும். நீங்க வந்தப்புறம் ஒங்க சேலையக் கட்டிக்கிட்டு வந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு மாவு சலிக்கப் போய்விட்டாள். அப்போது அவள் லாத்தாவோடு இடியாப்பத் தொழிலில் சேர்ந்திருந்தாள். எனக்கு அன்று முழுவதும் கை ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானங்கள் என் வீட்டுக்காரர் சாகும்வரை அவருடையவையாகவே இருந்தன. துறைமுகத்துக்காரர்கள் கேலி செய்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் கடற்கரைப் பக்கம் அழைத்துப்போவார். ஒருதரம் போகும் வழியில் வண்டியிலேயே இழுப்பு வந்துவிட்டதாம். மாடுகளை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஏறி உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டாராம். பின்னால் ரிக்‌ஷாக்காரர்கள் கத்தினார்களாம், குதிரைவண்டியிலிருந்த துரை ஒருவன் சாட்டையை ஓங்கினானாம். அவள் கண் விழிக்கும்வரை அவர் அசையவே இல்லையாம். இதை அவள்தான் எனக்குச் சொன்னாள். நான் அந்நேரம் லாத்தா வீட்டில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.