காசில் எழுதியதை நம்பாத இஸ்மாயில் காக்கா

இஸ்மாயில் காக்கா போய்விட்டார். காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் செய்தி... தூக்கத்திலேயே போயிருக்கிறார்.

மஸ்கட் ரூவியில் வாட்ச் கடை வைத்திருந்த காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அண்ணன் என்றால் காக்கா; என்னைவிடப் பத்து வயதுதான் பெரியவர். முதல் தடவை பேட்டரி மாற்றப் போன என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார் மனுஷன்.

காரணம், கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் இருந்த மூன்று ரோமானிய வெள்ளிக் காசுகள். ஆன்லைன் ஏலத்தில் எடுத்தவை. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் ஒரு பெண், சுற்றி அவள் பெயர். ஒருத்தி செழிப்பாம், இன்னொருத்தி படைவீரர்களின் விசுவாசம். பேரீச்ச மட்டையோடு நிற்பவள் மகிழ்ச்சி.

“எவ்வளவு நல்ல ராஜாக்கள்” என்றேன்.

“அட நீங்க வேற தம்பி. பட்டாளம் விசுவாசமா இருந்தா அதை எதுக்குக் காசுல அடிக்கான்? எது இல்லையோ அதைத்தான் அடிப்பான்.”

ரூவியில் ஒரு போர்டைக்கூட அவர் சும்மா விட்டதில்லை. எங்கள் கம்பெனி காலண்டரில் ‘வீ ஆர் ஒன் ஃபேமிலி’ என்று பார்த்ததும், “உங்களுக்கு லீவே தர மாட்டாங்களே?” என்றார். உண்மைதான். இரண்டு வருஷமாக லீவு ‘மாஃபி’, கிடையாது.

“நீங்க எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்கீங்களே காக்கா, அது?” என்று மடக்கினேன்.

“மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டா எவன் பேட்டரி வாங்குவான்?”

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை... முந்தின நாள்தான் எனக்கு வேலை போயிருந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. மத்ரா கடற்கரையில் கூலிங்கிளாஸ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்து, ‘ஃபீலிங் ஹேப்பி’ என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். அம்மா உட்பட எல்லோரும் ஹார்ட் அனுப்பினார்கள்.

பத்தே நிமிஷத்தில் காக்கா ஃபோன். “தம்பி, எங்க நிக்கிறே? சாப்பிட்டியா?”

“ஏன் காக்கா?”

“இவ்வளவு ஹேப்பியை நான் காசுலதான் பாத்திருக்கேன். என்ன, வேலை போச்சா?”

கடற்கரை ரோட்டிலேயே நின்று அழுதேன். கடையைச் சாத்திவிட்டு வந்து மீன் பிரியாணி வாங்கித் தந்தார். தெரிந்தவரிடம் பேசி, விசா மாற்ற வைத்து... இன்று நான் பார்க்கிற வேலை அவர் வாங்கித் தந்ததுதான்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா, அடக்கம். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன், கிளம்புகிறேன். கடையில் எடுத்த ஃபோட்டோ ஒன்றை ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறேன், இரண்டு பேரும் பல் தெரியச் சிரிக்கிற மாதிரி.

போயிட்டு வாங்க காக்கா. நான் இங்க ரொம்ப நல்லா இருக்கேன்.