தண்ணீர் கலக்காத தண்ணிப்பால்

பட்டாபிராமில் ராணுவச் சரக்கு ரயில் தண்டவாளத்தை ஒட்டி, மூன்று மாடு வைத்துப் பிழைக்கிறாள் பூங்காவனம். பால் விஷயத்தில் கை சுத்தம். "தண்ணி ஊத்தி விக்கறதுக்குப் பிச்ச எடுக்கலாம்" என்பாள், கேட்காதவர்களிடமும். அந்தப் பெருமையை அவள் கொஞ்சம் அதிகமாகவே சுமந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன மழைக்குப் பிறகு தண்டவாள ஓரம் புல் இடுப்புயரம் எழும்பி நின்றது. இவ்வளவு பச்சை இருக்கப் புண்ணாக்கு எதற்கு என்று அதை நிறுத்திவிட்டாள். மாடுகள் வயிறு புடைக்கத் தின்றன. ஊர்க்கண் பட்டுவிடும் என்று மிளகாய்கூடச் சுற்றிப் போட்டாள்.

கொஞ்ச நாளில் வாடிக்கை வீடுகளில் முணுமுணுப்பு கிளம்பியது. பால் ஊற்றினாலும் காபி கறுப்பாகவே நிற்கிறதாம், தயிர் தண்ணீராக ஓடுகிறதாம். கறப்பவள் இவள், கொண்டுபோய் ஊற்றுபவன் புருஷன் அழகேசன். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். அழகேசனோ பால்கேனோடு டீக்கடையில் நின்று கதை பேசுகிற ஆள். ஒருநாள் தெருவே பார்த்திருக்கக் கேட்டுவிட்டாள்.

"இன்னாய்யா, எந்தக் கொயாய்ல புடிச்சி ஊத்துன?"

கேள்வியா அது? தீர்ப்பு! அழகேசன் வாசலில் கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். "கற்பூரம் எல்லாக் கடையிலயும் தான் கெடைக்குது" என்று சிரித்தாள் இவள். அன்றே அவன் வீட்டை விட்டு, பாடி என்ற ஊரில் ஒரு பட்டறைக்குக் காவலாளாகப் போய்விட்டான்.

பிறகு பாலை இவளே சுமந்தாள். அப்போதும் புகார் நிற்கவில்லை. படைத்துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருக்கும் வசந்தகுமாரி, "நீயே இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டுவிட்டாள். பூங்காவனத்துக்குச் சுருக்கென்றது. மறுநாள் மாட்டையே குடியிருப்பு வாசலுக்கு ஓட்டிப்போனாள். பழைய வழக்கப்படி பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, எல்லார் கண்ணெதிரிலும் கறந்தாள். வசந்தகுமாரி, பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று காட்டும் பால்மானியை விட்டுப் பார்த்தாள். அது தண்ணிப்பாலில் அமிழ்வதுபோலவே அமிழ்ந்தது.

"விடு பூங்காவனம், மாட்டுக்குத்தான் ஏதோ சரியில்ல போல" என்றாள் வசந்தகுமாரி, சங்கடத்தோடு.

பூங்காவனத்துக்கு மானம் மீண்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. அழகேசனின் சிவந்த உள்ளங்கைதான் கண்ணுக்குள் நின்றது. அவன் தண்ணீர் ஊற்றவேயில்லை.

அன்று மாலையே கால்நடை டாக்டர் கார்த்திகேசனை அழைத்து வந்தாள். அவர் மாட்டைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், தீனி என்னவென்று கேட்டார்.

"புல்லு நல்லாத்தானே சார் கீது?"

"பார்க்க நல்லாத்தாம்மா இருக்கும். காத்துல கரியமில வாயு வருஷா வருஷம் ஏறுது. அதை இழுத்துக்கிட்டுப் புல்லு மளமளன்னு வளருது. மாவுச்சத்து ஏறுது, புரதம் கொறையுது. அரிசி, கோதுமையிலயே இதைப் பார்த்திருக்காங்க. உங்க பால் நீர்த்ததுக்கு அது ஒண்ணுதான் காரணம்னு சொல்லமாட்டேன். புல்லு முத்திப்போயிருக்கு, நீங்க புண்ணாக்கையும் நிறுத்திட்டீங்க. வயிறு நெறஞ்சிருக்கு, சத்துக்குத்தான் மாடு ஏங்குது."

அவர் போன பிறகும் பூங்காவனம் தொழுவத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாலையில் லாரிகள் புகை கக்கிக்கொண்டு போயின. ஊர் உலகமே சேர்ந்து காற்றில் கலந்ததற்கு, அவள் ஒற்றை ஆளைப் பிடித்துத் தெருவில் நிறுத்தியிருக்கிறாள்.

மறுநாள் பஸ் பிடித்துப் பாடிக்குப் போனாள். பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான் அழகேசன். பால்மானி, புல், காற்று, டாக்டர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். கடைசியில், "ஊட்டுக்கு வாய்யா" என்றாள்.

அவன் முழுதும் கேட்டான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளால் தாங்க முடிந்திருக்கும்.

"பாலு நீத்துப்போச்சுன்னு மாட்டுக்கு டாக்டர இட்டாந்து, இன்னா கொறன்னு கேட்டுகீற. என்னாண்ட ஒரு வார்த்த அப்பிடிக் கேட்டியாம்மே?"

"கேக்கலய்யா" என்றாள் பூங்காவனம்.