ஆத்ம பாடகி இன்னும் சாகவில்லை

மெல்பேர்னில் எங்கள் சமூக வானொலியில் சனிக்கிழமை காலைகளில் எனக்குப் பத்து நிமிடம் தந்திருந்தார்கள். வேற்றுமொழி இசை பற்றிப் பேசலாம். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சனம் ஸ்பிரிங்வேல் சந்தைக்கு மீன் வாங்கப் புறப்படும்.

அந்த வாரம் எனக்கு ஒரே ஒரு ஆசைதான். 'சோல்' என்ற கறுப்பின அமெரிக்க இசையைப் பாடும் எழுபத்தாறு வயதுப் பாடகி ஒருவர் பல வருட மௌனத்துக்குப் பிறகு புதிய இசைத்தட்டு வெளியிட்டிருந்தார். அதில் ஒரு பாட்டில், மூன்றாவது நிமிடத்தில், குரல் பிளக்கிறது. அவர் அதை மறைக்கவில்லை. அந்தப் பிளவுக்குள் இறங்கி நின்று பாடுகிறார். அந்தப் பாட்டை வெட்டாமல் போடவேண்டும். அதற்காக என் பேச்சை ஐந்து நிமிடமாகச் சுருக்கினேன். என் மனைவியைக் கேட்டால் இது எவ்வளவு பெரிய தியாகம் என்று சொல்லுவாள்.

பிழை என்னுடையதுதான். ஆங்கிலத்தில் ஆத்மா என்று பொருள்படும் அந்தச் சொல்லை 'சோல்' என்றே விட்டிருக்கலாம். தமிழ் வளர்க்கும் வியாதி யாரை விட்டது? 'மூத்த ஆத்ம பாடகியின் அண்மைப் பாடல்' என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கு எழுதி அனுப்பினேன்.

பாட்டு தொடங்கி இரண்டு நிமிடமும் ஆகவில்லை. பொறுப்பாளர் குமிழைத் திருகி ஒலியைத் தணித்தார். அதன்மேல் மரண அறிவித்தல் வாசிக்கத் தொடங்கினார். குரல் பிளந்த இடத்தில் யாரோ ஒருவரின் மருமக்கள் பட்டியல் போய்க்கொண்டிருந்தது.

வாசித்து முடித்து அவர் ஒலிவாங்கியை மூடியதும் கத்தினேன். "என்ன அண்ணை செய்யிறியள்?"

"ஆத்மா எண்டு நீர்தானே எழுதினீர்? மரண அறிவித்தலுக்கு நல்லாப் பொருந்துது. இனி ஒவ்வொரு கிழமையும் இதுதான்."

"அது முழுசாக் கேக்கிற பாட்டு!"

"குரல் உடைஞ்சு போச்சு தம்பி. சனம் ரேடியோ பழுதெண்டு நினைக்கும்."

தொலைபேசி அடித்தது. எடுத்தேன். ஒரு அன்ரி.

"தம்பி, அந்த மனுசி எப்ப செத்தவ?"

"சாகேல்லை அன்ரி."

"அப்ப ஏன் போட்டனீங்கள்?"

தொலைபேசியை வைத்தேன். உயிரோடிருக்கும் கிழட்டுக் குரலை எங்கள் சனம் கேட்பதே சாவீட்டில்தானோ என்று நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவன்.

அடுத்த சனிக்கிழமை ஒலிவாங்கியில் ஒரே வசனம்தான் சொன்னேன்: "இவர் உயிரோடு இருக்கிறார்." பாட்டைப் போட்டுவிட்டு, குமிழின்மேல் என் உள்ளங்கையைப் பொத்தி வைத்தேன். பொறுப்பாளர் என் விரல்களைப் பிரித்துப் பார்த்தார்.

"கையை எடும். உமக்கு இனி நிகழ்ச்சி இல்லை."

"பாட்டு முடியட்டும்."

முடிந்தது. கையை எடுத்தேன். தொலைபேசி அடித்தது. அதே அன்ரி.

"ரேடியோ பழுதோ எண்டு முதல்ல தட்டிப் பாத்தனான். பிறகுதான் விளங்கினது, அது அவவின்ர குரல். இன்னும் இருக்கிறாவோ?"

"ஓம் அன்ரி."

"அப்ப அவ சாக முதல் இன்னொருக்காப் போடும்."