ஜெயித்தால் காலி செய்ய வேண்டிய மாடி

எங்கள் நாடு முதல் தடவையாக ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்குப் போன வருஷம், ஜெயிப்போமா என்று தலைநகர் ரெய்க்யாவிக்கில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஜெயிக்கிற நாடுதான் அடுத்த வருஷம் போட்டியை நடத்த வேண்டும். எந்த மண்டபத்தில் நடத்துவது, வருகிற கூட்டத்தை எங்கே படுக்க வைப்பது என்றுதான் கடையிலும் நீச்சல் குளத்திலும் வாய்ச்சண்டை. பாட்டு இன்னும் மேடையே ஏறவில்லை. ஊருக்கே கிறுக்குப் பிடித்திருந்தது.

ஸ்டெய்னுனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்தது. அவள் பிறவியிலேயே ஓர் இடத்தில் உட்காராதவள். கணவன் வேறொருத்தியோடு கோபன்ஹேகனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஐஸ்கிரீம் கடை வைத்தாள், பின்னல் இயந்திரம் வாங்கினாள், இரண்டையும் பாதியில் விட்டாள். விடாமல் நடந்தது ஒன்றுதான். துறைமுகத்தைப் பார்த்த தகரக் கூரை வீட்டின் மாடியை எய்விந்துருக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கல்யாணம் ஆகாதவர், பேச்சு குறைவு. பதினோரு வருஷமாக அங்கேதான் இருந்தார். அந்த நாளில் நாட்டின் ஒரே டிவி நிலையத்துக்கு வியாழக்கிழமை விடுமுறை என்பதால், வாரம் தவறாமல் அவள் சமையலறையில் இருவரும் சீட்டாடுவார்கள். அவர்தான் ஜெயிப்பார். அவள் சீட்டை விசிறி எறிவாள்.

எங்கள் பாட்டு இன்னது என்று தேர்வான மறு வாரம், சாப்பாட்டுக்கு நடுவில் அவள் சொன்னாள்.

"எய்விந்துர், மே மாசத்துல மாடியைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. ரெண்டா தடுத்து அறைக்கொரு கட்டில் போடணும். அடுத்த வருஷம் ஐரோப்பாவே இங்கதான் வந்து இறங்கும்."

"ஜெயிச்சாத்தானே?"

"இதென்ன கேள்வி? ஊரே சொல்லுது."

அவர் உலர்ந்த மீனில் வெண்ணெயைத் தடவி, "சரி" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே வடக்கே அக்குரேரியில் இருக்கும் அண்ணனுக்கு போன் போட்டு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் 'சரி' அவளைக் குடைந்தது. ஒரு வார்த்தை மல்லுக்கு நின்றிருக்கலாம். கதவையாவது ஓங்கி அடைத்திருக்கலாம். மரம் மாதிரி ஒரு மனுஷன்! ராத்திரி தூக்கம் கெட்டது. எழுந்து நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டாள். புதுக் கட்டில்கள் வந்து இறங்கின. ஆனாலும் வீம்பு விடவில்லை. வேண்டாம், இருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

போட்டி சனிக்கிழமை. எய்விந்துருக்குத் திங்கள் காலை பஸ். பெட்டி மாடிப்படி அடியில் தயாராக நின்றது. பக்கத்து வீட்டு டீசா பான்கேக் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். தெருவில் ஈ காக்கை இல்லை. எங்கள் ஆட்கள் பாடி முடித்ததும் டீசா கைதட்டி அழுதே விட்டாள்.

பிறகு ஒவ்வொரு நாடாக போனில் புள்ளி சொல்ல ஆரம்பித்தது. முதல் நாடு எங்களுக்கு ஒரு புள்ளியும் போடாமல் தாண்டிப் போனது. அடுத்ததும் போனது. ஸ்டெய்னுன் எழுந்து காபி போட்டாள், குடிக்காமல் கொட்டினாள், மறுபடி போட்டாள்.

"உட்காருடீ, தரை தேயப் போகுது!" என்றாள் டீசா. "கப்பல் கப்பலா நம்ம மீனைத் திங்கறானுங்க. ரெண்டு பாயிண்ட் போடக் கை வரலையா?"

அப்போதுதான் ஸ்டெய்னுனுக்கு உறைத்தது. எங்கள் நாட்டின் பெயர் வராத ஒவ்வொரு தடவையும் அவள் நெஞ்சு லேசானது. எங்கோ ஒரு நாடு இரக்கப்பட்டுச் சில புள்ளி போட்டபோது அவள் கண் மாடிப்படி அடியில் நின்ற பெட்டிக்குப் போனது. சொந்த நாடு தோற்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்! வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டாள்.

பதினாறாம் இடம். டீசா தட்டை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து போனாள். ராத்திரியாகியும் வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது; வடக்குக் கோடியில் மே மாதம் அப்படித்தான்.

"பெட்டியை மேல கொண்டு போங்க," என்றாள் ஸ்டெய்னுன்.

"எதுக்கு?"

"தோத்தாச்சு. ஒருத்தனும் வரப்போறதில்ல. மாடி உங்களுக்குத்தான்."

எய்விந்துர் அணைத்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெயிச்சிருந்தா?"

இல்லை என்று சொல்லிவிடலாம்தான். அந்த மனுஷனிடம் பொய் சொல்ல வரவில்லை.

"அனுப்பியிருப்பேன். அப்புறம் கிடந்து அழுதிருப்பேன்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"நீங்க மட்டும்? போக மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? சரின்னு சொல்லிட்டு மீனைத் தின்னீங்க!"

"வீடு உங்களோடது, ஸ்டெய்னுன். நான் எந்த வாயால சொல்றது?" என்றார். "அண்ணன் ஒண்டி ஆளு. நான் வரேன்னதும் அறைக்கு வண்ணமடிச்சு வச்சிருக்கான். தினம் போன் பண்றான். பாட்டுல தோத்துட்டோம், அதனால வரலன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்ல?"

அந்த அண்ணனைத் திட்டக்கூட அவளால் முடியவில்லை.

திங்கட்கிழமை பஸ் வடக்கே போனது. அவள் வழியனுப்பப் போகவில்லை. வண்ணம் அடிக்காத மாடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காபியைக்கூட மறந்து, மத்தியானம் வரை அப்படியே இருந்தாள்.

அந்த வாரம் முழுக்க ஊரில் எல்லார் முகமும் தொங்கித்தான் கிடந்தது. அதனால் ஸ்டெய்னுனின் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.