கன்னத்தில் ஒதுக்கிய குண்டுகள்

மலாயா சுதந்திரம் அடைந்த வருடம். மலாக்கா காஜா பெராங்கில், நெல்வயலை ஒட்டி எங்கள் கிளப் இருந்தது. பலகைக் கட்டடம், தகரக் கூரை. முன்பக்கம் கேரம் ஆடுவார்கள். பின்பக்கம் காற்றுத் துப்பாக்கி சுடுவோம். சுடுதளம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். நீளமான ஒரு புல்தரை, அதன் கடைசியில் ஆள் உயர மண்மேடு, மேட்டுக்கு முன்னால் குறித்தாள் ஒட்ட இரண்டு பலகைகள். அவ்வளவுதான்.

நான் அப்போது ஆங்கிலப் பள்ளியில் இளம் ஆசிரியர். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பும் கொஞ்சம் உண்டு.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம் இன்னும் முடியவில்லை. காற்றுத் துப்பாக்கிக்கும் போலீஸ் லைசென்ஸ் வேண்டும். கிளப்பில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. "ஒரு புகார் போனால் போதும், ரெண்டையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று செயலாளர் ஓயாமல் சொல்வார்.

சுடுதளத்துக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். பக்கத்திலிருந்த சிட்டி கம்பத்துக்காரர்; தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்காத் தமிழ் இந்துக்களின் கிராமம் அது. நிலவள அலுவலகத்தில் கிளார்க். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கும், வாயைத் திறந்தால் அவர்கள் வீட்டு மலாய்தான் வரும். என்னைவிடச் சில வயது பெரியவர், அதனால் நான் அவரை அண்ணன் என்ற பொருளில் 'பாங்' என்பேன். ஆசிரியர் என்பதால் அவர் என்னை 'சிக்கு' என்பார். "தமிழ்ல திட்டணும்னா தாராளமா திட்டுங்க சிக்கு, எனக்கு ஒண்ணும் புரியாது" என்பது அவருடைய வழக்கமான கேலி. அவர் மலாயில் சொன்னதை எல்லாம் இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

துப்பாக்கி அலமாரியின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். அந்தச் சாவியின் மேல் அவருக்கு ஒரு பெருமை. கல்யாணத்துக்குப் போனாலும் அதோடுதான் போவார்.

அந்த வருடம் சுதந்திரக் கொண்டாட்டத்தை ஒட்டி, பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இருந்த ஒரு கிளப் எங்களை நட்புப் போட்டிக்கு அழைத்தது. வழக்கமான தூரம் இல்லை, எங்கள் புல்தரையின் முழு நீளத் தூரத்திலிருந்து சுட வேண்டும். தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிக்கு அது ஒரு தூரமே இல்லை. காற்றுத் துப்பாக்கிக்கு அது வேறு ஊர். ஈயக் குண்டு லேசானது. போகப் போகத் தாழும். வயல் பக்கம் யாராவது பெருமூச்சு விட்டாலும் ஒதுங்கிவிடும்.

ஆளுக்கொரு துணை என்று இரட்டையராகப் போக வேண்டும். ஒருவர் சுடும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து காற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். செயலாளர் என்னையும் பொறுப்பாளரையும் சேர்த்துவிட்டார்.

எங்கள் தயாரிப்பு நாட்கள் எனக்கு இன்றைக்கும் இனிக்கும். குச்சிகளை நட்டு, இலவம்பஞ்சைத் திரித்து நூலாக்கி அதில் கட்டினோம். நூல் தொங்கினால் காற்றில்லை, படுத்தால் காற்று பலம். குறியைவிட எவ்வளவு மேலே பார்த்தால் குண்டு நடுவில் போய் விழும் என்று நாள் நாளாகச் சுட்டுக் கண்டுபிடித்தோம். அந்த வகைத் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. உள்ளே சுருள்வில் விடுபடும்போது அது உதறும், உதறவிட வேண்டும். நான் இறுக்கிப் பிடிப்பேன். "கழுத்தை நெரிக்காதீங்க சிக்கு, அது வீட்டுப்பாடம் செய்யாம வந்த பள்ளிக்கூடப் பையன் இல்ல" என்பார்.

குண்டுகளைத் தரம் பிரிப்பதும் ஒரு வேலை. கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பார்த்தால், விளிம்பு நசுங்கியது கோணலாக ஓடும், நல்லது நேராக உருளும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நல்லவற்றைப் பொது டின்னில் போட வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், நல்லவற்றிலும் நல்லவற்றை எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். சுடப் போகும்போது அவற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வேன். அந்தக் காலத்தில் பலரும் குண்டை வாயில் வைத்துக்கொள்வார்கள், கைக்கு வசதி என்று. அது ஈயம், விஷம் என்றெல்லாம் யார் யோசித்தார்கள்? அதனால் என் வாயில் இருப்பவை டின்னிலிருந்து எடுத்தவை அல்ல என்று யாருக்கும் தெரியாது.

பொறுப்பாளர் ஒரு விதி வைத்திருந்தார். குறித்தாள் மாற்றப் போகிறவர் குண்டு டின்னைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். அதற்கு முன் எல்லோரும் வாயில் இருப்பதையும் டின்னில் துப்பிவிட வேண்டும். எச்சில் குண்டு என்று முகம் சுளிப்பவர்கள் வீட்டுக்குப் போகலாம். குண்டே இல்லாவிட்டால் யாரும் மறந்தும் சுட முடியாது. எளிமையான விதி. அதுவரை எங்கள் கிளப்பில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

போட்டிக்கு முந்திய வாரம், ஒரு மாலை. நாங்கள் இருவர் மட்டும் சுடுதளத்தில். அந்த வாரம் முழுக்க ஒன்று மழை, இல்லையென்றால் நூல் அசையாத புழுக்கம். பலமான கடல் காற்றில் குண்டு எவ்வளவு ஒதுங்கும் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாமலே இருந்தது.

அவர் டின்னை நீட்டினார். நான் ஒரே ஒரு குண்டைத் துப்பினேன். மற்றவை கன்னத்தில். அவர் டின்னோடு நடந்து போய், வலப்பக்கப் பலகையில் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

அப்போது வந்தது காற்று. எல்லாக் குச்சியிலும் நூல் ஒன்றாகப் படுத்தது. எனக்குக் கை பரபரத்தது. அவர் திரும்பி வருவதற்குள் நின்றுவிட்டால்? இடப்பக்கப் பலகையில் பழைய தாள் இருந்தது. அதற்கும் அவருக்கும் நடுவே நல்ல இடைவெளி. ஒன்றே ஒன்று போட்டுப் பார்த்துவிடலாம் என்று குழலை மடக்கி, குண்டைப் போட்டு, சுட்டேன்.

காற்று நான் நினைத்ததைவிட அதிகமாகத் தள்ளியது. குண்டு தாளைத் தொடவில்லை. பலகையின் இரும்பு விளிம்பில் 'டிங்' என்று பட்டுத் தெறித்தது. அவர் கையை முகத்தில் வைத்தார்.

ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தார். விரல் இடுக்கில் ரத்தம். கையை எடுத்துக் காட்டினார். வலது புருவத்தின் மேல் கிழிந்திருந்தது. கொஞ்சம் தாழ்ந்திருந்தால் கண். என் முன்னால் நின்று டின்னை ஒரு முறை குலுக்கினார். 'குண்டெல்லாம் இங்கே இருக்கிறதே, உனக்கு எங்கிருந்து வந்தது?' என்று கேட்பது போல. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை, கன்னத்தில் ஈயம். உள்ளங்கையில் துப்பிவிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமாக நான் நின்றதில்லை.

அவர் என் கையைப் பார்த்தார். "பசிச்சா சோறு தின்னுங்க சிக்கு" என்றார்.

சத்தம் கேட்டுச் செயலாளர் ஓடி வந்தார். "என்ன, ரத்தமா இருக்கு?"

"பலகை சாஞ்சிடுச்சு. ஆணி கிழிச்சிடுச்சு" என்றார் பொறுப்பாளர்.

"வாத்தியாரே, நீங்களாவது ஒரு கை பிடிக்கக் கூடாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் சொன்னார்: "உங்களுக்காகச் சொல்லல. வெளியே போனா துப்பாக்கி போயிடும். முடிஞ்சு போச்சு. இனி இதைப் பேச வேணாம்." சரி என்றேன்.

போட்டி நாளில் அவருடைய வலது கண் வீங்கி மூடியிருந்தது. அவருக்குப் பதில் வேறொருவர் சுட்டார். ஆனாலும் அவர் வந்து என் பின்னால் உட்கார்ந்தார். ஒற்றைக் கண்ணால் நூலைப் பார்த்துக் காதருகே சொன்னார்: "அரை விரல் இடது... இருங்க... இருங்க... இப்போ." அவர் 'இப்போ' என்றபோதெல்லாம் சுட்டேன். அப்படி நான் முன்பும் சுட்டதில்லை, பின்பும் சுட்டதில்லை. மயிரிழையில் எங்கள் கிளப் ஜெயித்தது.

பிறகு இரண்டு கிளப்பும் சேர்ந்து தேநீர் விருந்து. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது செயலாளர் எழுந்து என்னைப் புகழ ஆரம்பித்தார். பொறுப்பான இளைஞர், நிதானமானவர், மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டு. எனக்குத் தாங்கவில்லை. எழுந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒதுக்கிய குண்டு, துப்பாதது, சுட்டது, ஆணி இல்லை என்பது.

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது. கைதட்டுவார்கள் என்றுகூட மனத்தின் ஒரு மூலை எதிர்பார்த்தது என்று நினைக்கிறேன். யாரும் தட்டவில்லை. யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. எல்லாக் கண்ணும் அவர் மேல் இருந்தது.

"நீங்க என்கிட்ட ஆணின்னு சொன்னீங்களே?" என்றார் செயலாளர்.

"சொன்னேன்" என்றார் அவர்.

எங்களை அழைத்திருந்த கிளப்பார் பெருந்தன்மையாக அதை அங்கேயே விட்டுவிட்டார்கள். போலீசுக்கு எதுவும் போகவில்லை. எங்கள் கமிட்டி கூடியது. என்னை வருடக் கடைசி வரை சுடக்கூடாது என்று நிறுத்தியது. அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டது. துப்பாக்கி விபத்தை மறைத்தவரிடம் துப்பாக்கிச் சாவி இருக்கக் கூடாது என்றார்கள். தப்பென்று சொல்ல முடியாது. சுட்ட எனக்குத் தண்டனை சில மாதம். சுடப்பட்டவருக்குப் பதவியே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கெபாயாச் சட்டை உடுத்திய அவர் மனைவி ஒன்றும் கேட்காமல் பின்கட்டைக் காட்டினார். பொறுப்பாளர் துணிக்கொடிக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்பை ஆரம்பிக்கும் முன்பே கையை உயர்த்தினார்.

"சுட்டதை அன்னிக்கே மன்னிச்சாச்சு. அது காத்து செஞ்ச வேலை, பாதி. இது நீங்க செஞ்ச வேலை. உங்க வயித்துல இருந்த கல்லை எடுத்து என் தலையில வெச்சிட்டீங்க."

"உண்மையைத்தானே சொன்னேன், பாங்?"

"சொல்லாதீங்கன்னா சொல்றேன்? முதல்ல எங்கிட்ட வந்து, 'எனக்குத் தாங்கல, சொல்லப் போறேன்'னு ஒரு வார்த்தை. நானே செயலாளர் வீட்டுக்குப் போயிருப்பேன். சாவியை நானே கழற்றிக் கொடுத்திருப்பேன். இப்போ வெளியூர்க்காரங்க முன்னாடி நான் பொய்யன் ஆனேன், சாவியையும் பிடுங்கிட்டாங்க."

அவர் மனைவி ஒரு தட்டில் குவே பலகாரம் கொண்டுவந்து வைத்தார். நான் எடுக்கத் தயங்கினேன். "சாப்பிடுங்க சிக்கு, இதை முழுங்கலாம்" என்றார் பாங். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

கோபம் வைத்திருக்கத் தெரியாத மனிதர். அந்த வருடத்தின் மீதி மாலைகளில் நானும் அவரும் அந்தப் பின்கட்டில்தான் இருந்தோம். கிளப் பக்கமிருந்து 'டப், டப்' என்று சத்தம் வரும். கொடியில் அவர் பிள்ளைகளின் சட்டை ஆடும். "இப்போ எவ்வளவு?" என்பார். "ஒரு விரல் வலது" என்பேன். "உங்க கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க, ரெண்டு விரல்" என்பார். பந்தயம் கட்டி, சண்டை போட்டு, கோப்பி ஆறிப்போகும். பள்ளியிலும் கல்லூரியிலும் எனக்குப் பல நண்பர்கள் உண்டு. அந்தச் சில மாதங்களின் நிறைவு வேறெங்கும் கிடைக்கவில்லை.

பின்னர் இருவரும் மீண்டும் சுடப் போனோம். சாவியை மட்டும் அவரிடம் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. புருவத்தில் அந்த இடத்தில் மயிர் முளைக்கவே இல்லை. அது என்னவென்று பிள்ளைகள் கேட்டால், "சிக்கு போட்ட சிவப்பு மை" என்பார்.

அவர் காலமாகி வெகு காலம் ஆகிறது. இதை எழுதும் எண்ணம் வந்ததும் காஜா பெராங்கில் இருக்கும் அவர் மகளைப் பார்க்கப் போனேன். நடந்ததை முழுக்கச் சொல்லி, எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சிக்கு. ஆனா அப்பா உங்களைவிட நல்லா சுடுவார்னும் எழுதணும்" என்றார் மகள்.

எழுதிவிட்டேன். எங்கள் கிளப்பில் அவரைவிட நன்றாகச் சுட்டவர் எவரும் இல்லை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதில் இன்னொருவரின் மானமும் கலந்திருந்தால், ஊரைக் கூட்டும் முன் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதைத்தான் அவருக்கு நஷ்டம் உண்டாக்கி நான் கற்றுக்கொண்டேன்.