பின்னால் யாரும் நிற்கவில்லை

மாலை ஆறு நாற்பதுக்கு விளக்கு போனது. ஏழாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த நான் அப்போதுதான் தலை நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மகள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் முட்டையை வேகப் போட்டுவிடலாம் என்று நினைத்த அடுத்த நொடி அறை இருண்டது. மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது. "ஜாஹ்!" என்று தெரு முழுக்க ஒரே குரலாகச் சலித்துக்கொண்டது.

லோட்ஷெட்டிங்குக்குக் கல்கத்தாவில் யாரும் பயப்படுவதில்லை. எரிச்சலோடு அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து ஏற்றிவைத்தேன். கரியாஹாட் கடைத்தெருவுக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகையிலும் அதே நேரத்தில் விளக்கு போயிருக்கும், அங்கே என் மகள் தோளில் நூற்றைந்து கிலோவைச் சுமந்தபடி பாதி எழுந்த நிலையில் இருப்பாள் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

பெண்களுக்கான தேசிய வலுதூக்கும் போட்டிக்கு அப்போது ஏழு வாரம் இருந்தது. அவளுக்கு இருபது வயது, பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி மைதானத்தில் குண்டு எறிந்தவளை அந்தக் கொட்டகைப் பயிற்சியாளர் பார்த்து அழைத்துப் போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. என் கணவர் துறைமுக உத்தியோகத்தில் மாற்றலாகி விசாகப்பட்டினத்தில் இருந்தார். அங்கிருந்தபடியே பெருமைப்பட்டுக்கொண்டார். தொலைவிலிருந்து பெருமைப்படுவது சுலபம். அவளுடைய கை விரல்களுக்கடியில் காய்ப்புக் காய்ப்பதையும், எடை மாட்டும் இரும்புப் பாரின் சொரசொரப்பு கழுத்துக்குக் கீழே கருத்த பட்டையாகப் பதிவதையும் தினமும் பார்த்தவள் நான். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது அந்த இடம் வந்ததும் என் விரல் தானாக மெதுவாகிவிடும்.

எங்கள் திருநெல்வேலிச் சைவ வீட்டில் முட்டை நுழைந்தது அவளால்தான். அதுவும் பால்கனியோடு நின்றுகொண்டது. அங்கே தனியாக ஒரு ஸ்டவ், தனியாக ஒரு பாத்திரம். ஒருநாள் கீழ்வீட்டுத் தமிழ் மாமி படியில் என்னை நிறுத்தி, "என்ன டீச்சர், பொண்ணு ஹௌரா ஸ்டேஷன்ல போர்ட்டர் வேலைக்குப் பரீட்சை எழுதப் போறாளோ?" என்று கேட்டார். மாடியிலிருந்தே என் மகள் பதில் சொன்னாள்: "ஆமா மாமி. உங்க பொட்டிக்கு மட்டும் டபுள் சார்ஜ்."

அவளுக்கு அது விளையாட்டில்லை. மெடல் வாங்கிய மூத்தவர்கள் இரண்டு பேருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்திருந்தது. "வேலை வந்துட்டா, என்னைப் பாக்க வர்றவன் என் கையப் பாத்து மூஞ்சியச் சுளிச்சாக்கூட நான் சிரிச்சுக்கிட்டே காப்பி குடுப்பேம்மா," என்பாள். ஒரே ஒருமுறைதான் அவள் பயிற்சி செய்வதைப் பார்த்தேன். பாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தொடை முழங்காலுக்குக் கீழே இறங்கும்வரை உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். அவள் உட்கார்ந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

ஏழு மணி இருக்கும். கதவைத் தட்டியவர் அந்தக் கொட்டகை க்ளப்பில் எல்லோருக்கும் மூத்தவர், ஒரு வங்கியில் குமாஸ்தா. வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார்.

"மாசிமா, ஒருதரம் க்ளப்புக்கு வாங்க," என்றார். வங்காளத்தில் மாசிமா என்றால் சித்தி.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வாங்க."

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு இப்படி ஓடி வந்திருக்கீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "செருப்பு போட்டுக்கிட்டு வாங்க, மாசிமா. வழியெல்லாம் ஜல்லி," என்றார்.

நடைபாதைக் கடைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. ரவிக்கைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பேரம் பேசுகிறவர்களை இடித்துக்கொண்டு போனோம். நடந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவள் கீழே உட்கார்ந்துவிட்டு எழும்போது விளக்கு போயிருக்கிறது. இருட்டில் அவள் தடுமாறியதும், "பிடி" என்று சொல்லும் முன்பே, பாரைத் தாங்குவதற்காக வலப்பக்கம் நின்றவன் தன் பக்கத்து நுனியைப் பிடித்துவிட்டான். இடப்பக்கம் நின்றவனுக்கு நுனி அகப்படவில்லை. பார் சாய்ந்து, அவளை முறுக்கி, தன்னோடு கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த இடது பக்கத்து ஆள் தான்தான் என்று கொட்டகை வாசலில்தான் சொன்னார்.

உள்ளே ஒற்றை லாந்தர். அதைச் சுற்றி எட்டொன்பது ஆண்கள். ஒவ்வொருவனும் ஒரு கதவளவு அகலம். நடுவில் தரையில் என் மகள் ஒருக்களித்துக் கிடந்தாள். கன்னம் மண்ணில் பதிந்திருந்தது. பயிற்சிக்கு அவள் அரைக்கால் சட்டைதான் போடுவாள். யாரோ இரண்டு துண்டுகளை அவள் கால்கள்மேல் போர்த்தியிருந்தார்கள். அதைத் தவிர அந்த இடத்தில் யாரும் எதுவும் செய்திருக்கவில்லை.

"எவ்வளவு நேரமா இப்படிக் கெடக்கா?"

ஒருவன் லாந்தரின் திரியை ஏற்றினான்.

"இத்தனை பேரு இருக்கீங்க! ஆளுக்கு ரெண்டு மூட்டை தூக்குறீங்க. எம்பிள்ளையத் தூக்க ஒருத்தன் இல்லையா?" பதற்றத்தில் தமிழில் கத்திவிட்டு, மறுபடி வங்காளத்தில் கத்தினேன்.

ஒருவன் மெல்லச் சொன்னான்: "தாதா இல்ல, மாசிமா. பொண்ணுங்களை நாங்க தொடறதில்ல. அது தாதாவோட கட்டளை." தாதா என்றால் அண்ணன். பயிற்சியாளரை அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் அன்று வலுதூக்கும் சங்க அலுவலகத்துக்குப் போயிருந்தார்.

பிறகு ஒவ்வொருவராகச் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. ஆண்கள் இந்தப் பயிற்சி செய்யும்போது பக்கத்துக்கு ஒருவர் நிற்பார்கள், பின்னால் மூன்றாவது ஆளும் நிற்பான். எழ முடியாமல் போனால் அந்த மூன்றாவது ஆள்தான் கைகளுக்கடியில் கைகொடுத்து, மார்போடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். அது பெண்ணுக்குச் சரிவராது என்று அவளுக்குப் பின்னால் மட்டும் யாரையும் நிறுத்தவில்லை. அங்கே பயிற்சி செய்த ஒரே பெண் அவள்தான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த ஊரில் எந்த அம்மாவும், கீழ்வீட்டு மாமி உட்பட, அதைத்தான் சொல்லியிருப்பாள்.

மண்டியிட்டு அவள் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"ஏட்டி, எங்க வலிக்கி?"

"இடுப்புக்கு மேல. கீழ ஒண்ணும் வலிக்கல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "அம்மா, என் இடது ஷூவ கழட்டிட்டாங்களா?"

திரும்பிப் பார்த்தேன். ஷூ காலில் இருந்தது. கயிறுகூடத் தளரவில்லை.

அப்போது எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. அவள் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். அவள் வீறிட்டாள். "டாக்சி பிடிங்க! நீங்க ரெண்டு பேரும் காலைப் பிடிங்க, நீங்க தலைப்பக்கம் வாங்க! நான் அம்மா, நான் சொல்றேன், தூக்குங்க!" என்றேன். அவர்களும் துணிந்துவிட்டார்கள். இரண்டு பேர் குனிந்தார்கள். அந்தத் தெருவின் ஹோமியோபதி வைத்தியரை வேறு யாரோ கூட்டி வந்திருந்தார்கள். அவரும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "ஆமாம், தூக்கி உட்கார வையுங்க. வெறும் அதிர்ச்சிதான். சூடா ஒரு டம்ளர் பால் குடுங்க, எழுந்துடுவா," என்று சொல்லி, அவள் நாக்கில் நாலு சர்க்கரை உருண்டையைப் போட்டார்.

"யாரும் தொடாதீங்க!" என்று என் மகள் வங்காளத்தில் கத்தினாள். குனிந்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். பிறகு என்னிடம் மட்டும், தமிழில்: "அம்மா, உள்ள என்னமோ தனியா நிக்குது. அசைச்சா அறுந்துரும்போல இருக்கு. நீ தூக்கச் சொன்னா இவனுங்க தூக்கிருவானுங்க. சொல்லாத."

வைத்தியர் வயதில் பெரியவர். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்த இருட்டில் அவளைப் போட்டு வைத்திருப்பதா, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா? ஓட வேண்டும் என்று என் உடம்பு முழுக்கத் துடித்தது. ஆனால் தன் உடம்பை இரண்டு வருஷமாக நாள்தோறும் கேட்டுக் கேட்டுப் பழகியவள் அவள். நான் அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். "யாரும் தூக்க வேண்டாம். எலும்பு டாக்டர் வரட்டும்," என்றேன். வைத்தியர் தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

குமாஸ்தா டெலிபோனுக்கு ஓடினார். முதல் மருந்துக் கடையில் போன் செத்துக் கிடந்தது. இரண்டாவது கடையில் ஆம்புலன்ஸ்காரர்கள் கிடைத்தார்கள். பாதாள ரயிலுக்குத் தோண்டிப் போட்ட பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வண்டி நிற்கிறது, எப்போது சுற்றி வரும் என்று சொல்ல முடியாது என்றார்களாம். முன்பு க்ளப்பில் ஒருவனுக்குக் காறையெலும்பைச் சேர்த்துவைத்த டாக்டரம்மா ஜாதவ்பூரில் இருந்தார். அவரைத் தேடி ஒருவன் சைக்கிளில் போனான்.

அதற்கப்புறம் காத்திருந்ததைப் பற்றி எழுதுவதற்கு அதிகம் இல்லை. கொசு. லாந்தரின் மண்ணெண்ணெய் வாடை. நான் அவள் முகத்தில் உட்காரும் கொசுக்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். இடது காலில் உட்கார்ந்தவற்றை அவள் கவனிக்கவே இல்லை என்பதைக் கவனித்து, அதன் பிறகு கால் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

"எவ்வளவு போட்டிருந்தீங்க?" என்று அவள் திடீரெனக் கேட்டாள்.

"நூத்தஞ்சு," என்றான் வலப்பக்கம் நின்றிருந்தவன். அவன் அழுது முடித்திருந்தான்.

"எழுந்துட்டேனா?"

"முக்கால்வாசி எழுந்துட்ட, தீதி," என்றான், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன்.

"முக்காலுக்கு எவன் மார்க் போடுவான்?" என்றாள். "நீ ஏண்டா பிடிச்ச? நான் பிடின்னு சொன்னேனா?"

"இருட்டா இருந்துச்சு."

"இருட்டுன்னா எனக்கும்தானே இருட்டு!" ஒருவன் சிரித்துவிட்டு, தன் சிரிப்பைக் கேட்டுத் தானே பயந்ததுபோல நிறுத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவள் என் புடவைத் தலைப்பைத் தேடிப் பிடித்தாள். "அம்மா, ஏழு வாரத்துல சரியாயிருமா?"

"ஆயிரும்ட்டி," என்றேன். கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள், ஒரு கணக்கும் போடாமல் அந்த விடையைச் சொன்னேன்.

எட்டு மணிக்கு மேல்தான் வாசலில் ரிக்‌ஷா மணி கேட்டது. டாக்டரம்மா குட்டையாக இருந்தார். ஐம்பது வயதிருக்கும். புடவையை இடுப்பில் இழுத்துச் செருகி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையிலும் பையோடு இறங்கி வந்தார்.

"யாராவது அசைச்சீங்களா?"

"நான் ஒருதரம். தோளை மட்டும்," என்றேன்.

"குடிக்க ஏதாவது?"

"நாலு உருண்டை அர்னிகா," என்றார் வைத்தியர், மூலையிலிருந்து.

"அது பரவாயில்ல, சர்க்கரை."

புடவை மடிப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். இரண்டு ஷூக்களின் கயிறுகளையும் கத்தரியால் வெட்டி, கால் ஆடாமல் அவற்றை உருவினார். வலது பாதத்தில் ஊக்கை வைத்ததும் என் மகள், "குத்துது," என்றாள். டாக்டரம்மா கையை மாற்றினார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இடது பாதத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

"இன்னும் குத்தலையே?" என்றாள் என் மகள்.

டாக்டரம்மா ஊக்கை மறுபடி புடவையில் குத்திக்கொண்டு எழுந்தார். "ஒரு கதவைக் கழட்டுங்க," என்றார். உடை மாற்றும் அறையின் கதவை நாலு பேர் கீல்களோடு பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். அதை அவளுக்குப் பக்கத்தில் கிடத்தி, யார் தலையைப் பிடிப்பது, யார் தோளை, யார் இடுப்பை, யார் தொடையை என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். இடுப்பருகே மண்டியிட்டவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். கைகளை நீட்டவில்லை.

"அங்க என்ன பார்வை? வெட்கப்படறவன் வெளியே போ," என்றார் டாக்டரம்மா.

ஒருவரும் போகவில்லை. அவர் மூன்று எண்ணியதும் எல்லாக் கைகளும் ஒன்றாக எழுந்து, ஒன்றாக இறங்கின. அவளிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. கதவோடு சேர்த்து அவளைத் துண்டுகளால் கட்டினார்கள். யாரோ தெருவிலிருந்து ஒரு டெம்போவை நிறுத்திக்கொண்டு வந்திருந்தார்கள்.

அவர்கள் கதவைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு டாக்டரம்மாவின் கையைப் பிடித்தேன். "நடப்பாளா?"

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. "வலது கால் இருக்கு. இடது காலைப் பத்தி மூணு வாரம் கழிச்சுக் கேளுங்க, அப்போ எனக்குத் தெரிஞ்சா சொல்றேன்," என்றார். "போட்டியைப் பத்தி மட்டும் அவளை எங்கிட்ட கேட்க விடாதீங்க. அந்தப் பதில் எனக்கு இப்பவே தெரியும்."