கதிரையில் இல்லாத ஐயாத்துரை

தர்மபுரத்தில் ஐயாத்துரை குடியிருக்கும் வீட்டுக்கு ஆறு அறை, மூன்று குளியலறை, நாலு கமரா. வீடு அவருடையது அல்ல. மனைவி விமலேஸ்வரியின் தம்பி திலீபன், லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கால் நரம்பு சுருளும்வரை நின்று உழைத்துக் கட்டியது. கட்டியவன் அதில் வந்து இருந்தது மொத்தம் பதினெட்டு நாள். மற்ற நாளெல்லாம் அக்காவும் அத்தானும் இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் வீட்டைப் பார்த்தார்கள், அவன் அவர்களைப் பார்த்தான்.

ஐயாத்துரைக்கு அறுபத்து மூன்று வயது. வாய்க்கால் தண்ணீரை நம்பி மூன்று ஏக்கர் நெல் செய்கிறவர். அவரை இதற்கு முன்னும் பலபேர் எண்ணியிருக்கிறார்கள். இடம்பெயர்ந்து போன ஊரெல்லாம் பதிவு, முகாமில் தலை எண்ணிக்கை, திரும்பி வந்தபின் கிராம அலுவலரின் படிவம். ஆனால் அவர்கள் எண்ணி முடிந்ததும் விட்டுவிட்டார்கள். மைத்துனனின் கமரா விடவில்லை.

போதாததற்கு அந்தக் கமராக்களுக்கு வாயும் இருந்தது. நிம்மதியாக ஒரு நிமிடம் இருப்போம் என்று இருந்தால் சுவர் கத்தும்.

"அத்தான், ஆடு!"

பக்கத்து வளவு அருந்ததியின் ஆடுகள் திலீபனின் குரோட்டன் செடிகளைத் தின்ன வரும். ஐயாத்துரை தடியோடு போனால் அவை நின்று அவரைப் பார்த்தபடியே மெல்லும். சுவரிலிருந்து திலீபன் கத்தினால் விழுந்தடித்து ஓடும். ஆட்டுக்குக்கூட லண்டன் என்றால் ஒரு மரியாதை என்று ஐயாத்துரை எரிச்சற்படுவார்.

வெறும் மேலோடு முற்றத்துக்கு வந்தால், "அத்தான், சேட்டைப் போடுங்கோ. றோட்டால சனம் போகுது."

"அத்தான், சுருட்டுச் சாம்பலை ரைல்சில தட்டாதேங்கோ."

சுருட்டை விட்டுவிட்டதாக அவர் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்ததால் இதற்குப் பதில் சொல்லவும் வழியில்லை.

போன வாரம் மகள் தேனுகாவுக்கு வவுனியாவில் குழந்தை பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை நிற்பதாகச் சொல்லி விமலேஸ்வரி அங்கே போனார். மனைவி இல்லாத வீட்டில் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று ஐயாத்துரை நினைத்தார். அவர் விட்ட மூச்சு லண்டனுக்குப் போய், அங்கிருந்து வவுனியாவுக்குப் போய், இரண்டு நிமிடத்தில் அவருடைய சின்னப் போனில் திரும்பி வந்தது. "ரெண்டு மணியாகியும் குளிக்கேல்லையாமே?" என்று விமலேஸ்வரி கேட்டார்.

இந்த நிலையில்தான் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று வந்தது. மத்தியானச் சோறு முடிந்து, மேலில் துண்டும் இல்லாமல், போட்டிக்கோ என்ற முன்வாசல் முகப்பில் கிடந்த சாய்மனைக் கதிரையில் ஐயாத்துரை சரிந்தார். வாய் தானாகத் திறந்தது. இடது கை கதிரைக்கு வெளியே தொங்கியது. அந்த நேரம் பார்த்து, ஊர்ப் பொடியன் சுஜிதனின் உழவு இயந்திரம் பின்னால் இழுக்கும் பெட்டி நிறைய வைக்கோலை வீட்டு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையால் வந்தது. மின்சார வயர் தப்பிவிட்டது. அதற்குக் கீழே போன இன்ரநெற் வயரை வைக்கோல் இழுத்துக்கொண்டு போனது.

சத்தத்துக்கு ஐயாத்துரை எழும்பிவிட்டார். சுஜிதன் தலையைச் சொறிந்துகொண்டு கேற்றடியில் நின்றான்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. வயரை அறுத்துப்போட்டன். கொம்பனிக்கு நானே போன் அடிச்சுச் சொல்லட்டோ?"

ஐயாத்துரை சுவரைப் பார்த்தார். எப்போதும் நீலமாக எரியும் கமராவின் சின்ன வெளிச்சம் சிவப்பாக மாறியிருந்தது.

"நீ ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதை," என்றார். "நீ இந்தப் பக்கம் வரவேயில்லை. போ ராசா, வைக்கோல் காயப்போகுது."

காய்ந்த வைக்கோல் இன்னும் எப்படிக் காயும் என்று சுஜிதன் கேட்கவில்லை. தப்பினேன் பிழைத்தேன் என்று போய்விட்டான்.

ஐயாத்துரை கமராவுக்கு முன்னால் போய் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டினார். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கை நீட்டிக் காட்டினார். அதற்கும் ஒன்றுமில்லை. பிறகு நடு முற்றத்தில் ஒரு சுருட்டைப் பற்றவைத்து, சாம்பலை அந்தப் பளிங்குபோன்ற ரைல்ஸ் தரையில், பார்த்துப் பார்த்து மூன்று இடத்தில் தட்டினார். அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் சூசைப்பிள்ளை, பெட்டி காலியாகித் திரும்பும் வழியில் கேற்றடியில் நிறுத்தினார். சங்கக் கடைக்குப் பின்னால் மருதமரத்தடியில் கடதாசிச் சீட்டு விளையாட ஒரு கை குறைகிறதாம்.

"வருவியளோ? இல்லாட்டி லண்டனிட்டைக் கேக்கோணுமோ?"

"லண்டன் இண்டைக்கு லீவு," என்றார் ஐயாத்துரை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். போனை வேண்டுமென்றே தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, மீன் பெட்டியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பின்னால் ஏறினார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை அவர் பிற்பாடு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தார்.

வயர் அறுந்த கணத்திலேயே லண்டனில் திலீபனின் போனில் படம் அப்படியே இறுகி நின்றுவிட்டது. வாய் திறந்தபடி அத்தான். தொங்கிய கை. கல்லாவில் நின்ற திலீபன் முதலில் சிரித்தான். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தான், அதே வாய், அதே கை. அரை மணித்தியாலம் கழித்தும் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. கமராவால் கூப்பிட்டான், கத்தினான். சின்னப் போனுக்குப் பதினான்கு தரம் அடித்தான். அது தலையணைக்குக் கீழே அழுது ஓய்ந்தது. கடைசியில் அருந்ததிக்கு எடுத்தான்.

அருந்ததி போனைக் காதில் வைத்தபடி ஓடிவந்து போட்டிக்கோவில் நின்றார்.

"கதிரையில ஒருத்தரும் இல்லையே தம்பி."

"இருக்கிறார் அக்கா! நான் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறன். வடிவாப் பாருங்கோ!"

"எங்கை?"

"உங்களுக்கு முன்னால! இடக் கை தொங்குது. அந்தக் கையைப் பிடிச்சுப் பாருங்கோ, சூடு இருக்கோ எண்டு!"

தன் படத்தில் அருந்ததியே இல்லையே என்று திலீபன் யோசிக்கவில்லை. பதறிப்போனவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்? அருந்ததியோ வேறு விதமாக யோசித்தார். லண்டனில் இருக்கிறவனுக்கு ஆள் தெரிகிறது, பக்கத்தில் நிற்கிற தனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் கதிரையில் இருப்பது என்ன? அவர் போட்ட கூச்சலில் ஒழுங்கை முழுவதும் திரண்டது.

அதன்பிறகு எல்லாம் தன்பாட்டில் நடந்தது. ஆளைக் காணவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். கொண்டுபோனவர்களைக் கண்டதாகவே இன்னொருவர் சொன்னார். யாரோ முகநூலில் கண்ணீர் அஞ்சலி போட்டார்கள், பிறந்த ஆண்டைப் பிழையாகப் போட்டு ஐயாத்துரைக்கு எழுபத்தொன்பது வயதாக்கினார்கள். திலீபன் தலையிலடித்துக்கொண்டு வவுனியாவுக்குச் சொன்னான். விமலேஸ்வரி குழந்தையைத் தேனுகாவின் மடியில் வைத்துவிட்டு வான் பிடித்தார்.

ஐந்து மணிக்கு, சூசைப்பிள்ளை இறக்கிவிட்டுப் போனபின், ஐயாத்துரை தோளில் சட்டையோடு, சுருட்டும் வாயுமாக ஒழுங்கையால் நடந்து வந்தார். தன் வீட்டு முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் வரிசையாக இருந்தன. சனம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது. கேற்றடியில் ஒருவர் ஏணியில் நின்று பந்தலுக்குத் தறப்பாள் கட்டினார்.

"ஆர் தம்பி செத்தது?"

"எங்கட ஐயாத்துரை அண்ணை," என்றவர் திரும்பிப் பார்த்து ஏணியோடு சரிந்தார்.

வானும் அப்போதுதான் வந்து நின்றது. தலை அவிழ்ந்தபடி விமலேஸ்வரி இறங்கினார். ஓடிவந்து கட்டிப்பிடிப்பார் என்று சனம் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தது. அவர் கணவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"சேட்டைப் போடுங்கோ," என்றார். "சனம் வந்திருக்கு."

சொன்ன கையோடு வாசற்படியில் குந்தி, விக்கல் எடுக்கும்வரை அழுதார். ஐயாத்துரை சுருட்டை அணைத்துவிட்டு, சட்டையை மாட்டி, பொத்தான்களை ஒன்றொன்றாகப் பூட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

அருந்ததி தன் போனை நீட்டினார். லண்டன். ஐயாத்துரை நல்ல கோபத்தோடுதான் அதை வாங்கினார். ஒரு மனிதனை அரை நாள்கூட உயிரோடு விடமாட்டாயா என்று கேட்பதற்கு வாயெடுத்தார்.

"அத்தான், நீங்களோ?"

"நான்தான். இன்னும் சாகேல்லை."

மறுபக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நான் கடையை விட்டிட்டு வந்து காருக்குள்ள இருக்கிறன் அத்தான். ஆடு எண்டு கத்தினா எழும்புவியள் எண்டு, ஆடு, ஆடு எண்டு எவ்வளவு நேரம் கத்தினனான் தெரியுமோ? பெற்றோல் அடிக்க வந்த வெள்ளைக்காரன் பயந்துபோய்ப் போட்டான்."

ஐயாத்துரைக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மனம் வரவில்லை.

"ஏன்ரா இப்பிடிப் பாத்துக்கொண்டே இருக்கிறாய்? வீட்டை ஆர் தூக்கிக்கொண்டு போகப்போறாங்கள்?"

"வீட்டை ஆர் பாத்தது? இஞ்சை ஒரு நாளைக்கு முந்நூறு பேர் வருவினம். ஒருத்தரும் என்னோட கதைக்கிறேல்லை. கமராவைப் போட்டா நீங்கள் என்னைப் பேசுறதாவது கேக்கும்."

வன்னியில் பேசுவது என்றால் திட்டுவது. மற்றதெல்லாம் கதைப்பது. ஐயாத்துரைக்குக் காது சுட்டது. சுவரின் வாயை மட்டும் பார்த்தவர், அதற்குக் காதும் இருக்கும் என்று நினைத்ததேயில்லை. மூன்று வருடமாக முற்றத்தைக் கூட்டும்போதும் குரோட்டனுக்குத் தண்ணீர் விடும்போதும் அவர் திலீபனை எருமை என்றும் லண்டன் மூதேவி என்றும், வெளியில் சொல்லக்கூடாத இன்னும் பலவாகவும் பேசியிருந்தார்.

"எல்லாம் கேட்டதோ?"

"ஓம். நல்லாப் பேசுவியள்."

"கேட்டும் ஏன்ரா ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னா நிப்பாட்டிப்போடுவியள் அத்தான்."

ஐயாத்துரை போனை அருந்ததியிடம் கொடுத்தார். உள்ளே போய், அலுமாரியில் கிடந்த இன்ரநெற் பில்லையும் தலையணைக்குக் கீழே கிடந்த போனையும் எடுத்துவந்து, இலக்கத்தைச் சத்தமாக வாசித்து வாசித்து அழுத்தினார். சிங்களத்துக்கு ஒன்றாம், தமிழுக்கு இரண்டாம். இரண்டை அழுத்தி, இருபது நிமிடம் பாட்டுக் கேட்டார். இடையில் விமலேஸ்வரி ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். கடைசியில் ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது.

"வயர் திருத்த நாலு நாள் செல்லும் ஐயா. அவசரமெண்டா குறிச்சு விடுறன். அவசரமோ?"

"ஓம் பிள்ளை, அவசரம்," என்றார் ஐயாத்துரை. "லண்டனில ஒருத்தனுக்கு இண்டைக்கு இன்னும் பேச்சு விழேல்லை."